மூங்கிலில் உருளும் செம்பனைப் பழம்

போன மாதம் இந்தப் பகுதியில், திடலில் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளும் உடற்கல்விப் பாடத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்தவன்தான் என்பதையும் மறைக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நான் வைத்துக்கொள்கிறேன், சாகச நடவடிக்கையையும் குழு உணர்வையும் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலும் கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கை பட்டாணி பக்கத்துக் கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

*கேள்வி: ஐயா, நான் பீடோங் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, இது எனக்கு இரண்டாவது வருடம். படிவம் 2-இல் 33 பேர். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே மூன்று ஆரம்பப்பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறார்கள், தோட்டத்துப் பையன் தாமான் (வீடமைப்புப் பகுதி) பையனோடு சேரமாட்டான். மலாய், சீனப் பிள்ளைகள் தனித்தனிக் கூட்டம். காற்பந்து வைத்தாலும் சண்டை, கயிறு இழுத்தாலும் சண்டை. சாகச நடவடிக்கை வைத்தால் குழு உணர்வு வளரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்களிடம் கயிற்றுப் பாலமும் இல்லை, ஏறும் சுவரும் இல்லை. என்ன செய்வது?*

டீச்சர், சண்டை வரத்தான் செய்யும். ஏற்கெனவே பிரிந்து நிற்கிற பிள்ளைகளை இரண்டு அணியாக்கி மோதவிட்டால், அந்தப் பிரிவுக்கு நாமே ஆளுக்கொரு சட்டை தைத்து மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை ஒரு முகாமுக்கு அழைத்துப் போனார். உங்கள் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, பேஸ்பால், கயிறு இழுப்பது என்று போட்டி மேல் போட்டி வைத்தார். சில நாளிலேயே ஒரு குழு இன்னொரு குழுவின் கொடியை எரித்தது, ஒருவர் தங்கிய குடிலுக்குள் மற்றவர் புகுந்து சாமான்களைக் கலைத்துப் போட்டார்கள். சரி, ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்று பார்த்தால், சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். அப்புறம் என்னதான் வேலை செய்தது? முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது, எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி கிளம்பவில்லை, இரண்டு குழுவும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். இரண்டும் நடத்தியவர்கள் செய்துவைத்த ஏற்பாடுதான், பையன்களுக்குத் தெரியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், லாரியை இழுக்க அவர்கள் எடுத்துவந்தது முன்பு ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளிய அதே போட்டிக் கயிறு.

ஆகவே உங்களுக்குத் தேவை கயிற்றுப் பாலம் இல்லை. தனியாக ஒருத்தராலும் முடியாத ஒரு வேலை. அதைத் திடலிலேயே செய்யலாம்.

மூங்கிலை முழ நீளத்துக்கு வெட்டி, நெடுக இரண்டாகப் பிளந்து, உள்கணுவைச் செதுக்கிவிடுங்கள். கை கிழிக்காமல் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது முக்கியம். ஆளுக்கு ஒரு துண்டு. ஒரு குழுவுக்கு 11 பேர், அந்தப் பதினொருவரில் எல்லாக் கூட்டத்துப் பிள்ளையும் கலந்திருக்க வேண்டும். செம்பனை உதிரிப்பழம் ஒன்றை முதல் துண்டில் வையுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? 20 மீட்டர் தள்ளி ஒரு வாளி. பழத்தைக் கையால் தொடக் கூடாது, தன் மூங்கிலில் பழம் இருக்கும்போது கால் நகரக் கூடாது, கீழே விழுந்தால் முதலிலிருந்து. உருட்டி முடித்தவர் ஓடிப்போய் வரிசையின் முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் 11 மூங்கில் வாளி வரைக்கும் எட்டாது. மூன்று குழுவின் பழமும் ஒரே வாளியில் விழுந்தால்தான் ஆட்டம் முடியும், ஆகவே யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

நான் இதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரிதான் போகும். குரல் பெரிய பையன் ஒருத்தன் “இங்க பாரு, இங்க பாரு” என்று கத்துவான், யாரும் பார்க்க மாட்டார்கள், பழம் மூன்றாவது மூங்கிலிலேயே விழும். நாலைந்து தடவை விழுந்த பிறகு வாயே திறக்காத ஒரு பிள்ளை, பெரும்பாலும் பின்வரிசையில் உட்காரும் பிள்ளை, தன் மூங்கிலின் நுனியை அடுத்த ஆள் மூங்கிலுக்குள் ஒரு விரல் அளவு நுழைத்துப் பிடிக்கும். பழம் தட்டாமல் உருளும். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்துச் செய்வார், அப்படியே வரிசை முழுக்கப் பரவும். அந்த நேரத்தில் தோட்டமாவது தாமானாவது, அடுத்த மூங்கில் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் படும்.

இதில் உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. “நுனியை உள்ளே விடுங்கள்” என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கே இது பழக ரொம்ப வருடம் ஆனது.

ஆட்டம் முடிந்ததும் விசில் ஊதி அனுப்பிவிடாதீர்கள், 10 நிமிடம் வட்டமாக உட்கார வையுங்கள். நம்மில் பலர் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறோம், மணி அடித்துவிட்டது என்று. என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன மாற்றுவோம், இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும். சும்மா “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்பதோடு முடிந்துவிடும். பழம் அதிகமாக எங்கே விழுந்தது, விழுந்தபோது யார் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள், கத்திய பிறகு விழுவது குறைந்ததா கூடியதா என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். இருக்கட்டும்.

அப்புறம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஒரு தார்ப்பாயின் மேல் எல்லாரும் நின்றுகொண்டு, ஒருவரும் தரையில் கால் வைக்காமல் அதைப் பின்பக்கமாகத் திருப்புவது. இரண்டு பலகையும் நாலு பழைய டயரும் வைத்துத் திடலைக் கடப்பது. கண்ணைக் கட்டிக் கயிற்றைப் பிடித்து நடப்பது கடைசியில்தான் வர வேண்டும், ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடாத வகுப்பில் முதல் வாரமே கண்ணைக் கட்டினால் யாராவது யாரையாவது சுவரில் முட்டவிடுவார்கள். மேசை மேலிருந்து பின்னால் விழுந்து மற்றவர்கள் பிடிப்பது என்று ஒன்று காட்டியிருப்பார்களே, அதைத் தொடவே வேண்டாம். பிடிக்கத் தவறினால் கழுத்து.

வருடக் கடைசியில் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து வெளியே அழைத்துப் போங்கள். மெர்போக் உங்களுக்குப் பக்கம்தான், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகமும் அங்கேயே இருக்கிறது, புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளமும் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு, நாலு நாலு பேராக விடுங்கள். ஒருவர் வரைபடம், ஒருவர் திசைகாட்டி, ஒருவர் தப்படி எண்ணுபவர், ஒருவர் நேரம் பார்ப்பவர், ஒவ்வோர் இடத்திலும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். வரலாற்று ஆசிரியரையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் ராஜேந்திர சோழன் கொண்டதாகச் சொல்லும் கடாரத்தைப் பற்றி அவர் பேசுவார், உங்களுக்கும் துணைக்கு ஓர் ஆள் ஆச்சு.

*கேள்வி: என் மகள் படிவம் 4. முகாமில் உயரமான கயிற்று ஏணியில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது என்றதற்கு “நீ ஒருத்தியால் குழுவுக்கே புள்ளி போச்சு” என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். அழுதுகொண்டே ஏறியிருக்கிறாள். இப்போது முகாம் என்றாலே வேண்டாம் என்கிறாள். பயத்தை உடைப்பது நல்லதுதானே என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?*

அம்மா, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பயத்தை உடைப்பது நல்லது, உடைப்பது அந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும். குழுவைக் காட்டி மிரட்டி ஏற வைத்தால் அவள் கற்றுக்கொள்வது உயரத்தைப் பற்றி அல்ல, கூட்டாளிகளைப் பற்றி.

இந்தச் சாகச முறையைப் பள்ளிக்கூடத்து உடற்கல்விக்குள் கொண்டுவந்தவர்களே இதை யோசித்துவிட்டார்கள். 1971-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் ‘ப்ராஜெக்ட் அட்வென்ச்சர்’ என்ற பெயரில் ஆரம்பித்தது. காட்டில் வாரக்கணக்கில் நடக்கும் பயிற்சியைப் பள்ளித் திடலுக்குள் சுருக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, எவ்வளவு தூரம் போவது என்பதை அந்தந்தப் பிள்ளையே முடிவு செய்யும் என்பது. இதைச் சிலர் ‘வேண்டாம் என்றால் போய் உட்கார்’ என்று புரிந்துகொள்கிறார்கள், அதுவும் தப்பு. உட்கார வைத்தால் அதுவும் ஒரு தண்டனைதானே. மூன்று படி ஏறி இறங்கலாம், கீழே கயிறு பிடிக்கும் ஆளுக்குத் துணையாக நிற்கலாம், ஏறுபவருக்கு அடுத்த கால் எங்கே வைப்பது என்று சொல்லலாம். பங்கு இருக்க வேண்டும், அளவு அவளுடையது.

குழுப் புள்ளி விஷயம் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. புள்ளி போட்டால் மெதுவாக வரும் பிள்ளை பாரமாகிவிடும், அதன் பிறகு குழு உணர்வு எங்கே வளர்வது? அடுத்த முகாமுக்கு முன்னால் பொறுப்பாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம், “ஏறாத பிள்ளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பதில் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம் இன்னொன்று, உடம்பு சரியில்லாத நாளில், மாதவிலக்கு நாளில், காரணம் கேட்காமல் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆண் ஆசிரியர் மட்டும் போகும் முகாமில் பிள்ளைகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

*கேள்வி: சார், நான் படிவம் 5. எந்தக் குழு வேலை கொடுத்தாலும் நான்தான் செய்கிறேன், மற்றவர்கள் ஃபோன் பார்க்கிறார்கள். முகாமில் கூடாரம்கூட நான் ஒருத்தன்தான் அடித்தேன். கடைசியில் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ். இதுதான் குழு உணர்வா?*

தம்பி, கோபம் நியாயம்தான். உன் ஆட்கள் மட்டும் அப்படி இல்லை. மக்ஸ் ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு விவசாயப் பொறியாளர் இருந்தார், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து 1913-இல் எழுதினார். தனியாக இழுக்கும்போது ஒருவர் போடும் பலத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேராக இழுக்கும்போது ஆளுக்கு 93 ஆகிறது, மூன்று பேர் என்றால் 85, எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 49. பாதியாகிவிட்டது! எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் கொஞ்சம் வீணாகும், அது உண்மை. ஆனால் 1974-இல் வேறு சிலர் இன்னொரு தடவை சோதித்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்துவிட்டு, உண்மையில் அந்த ஒருத்தரையே இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. ‘பின்னால் ஆள் இருக்கிறது’ என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது.

அதனால் ஐந்து பேர் கூடாரத்தை ‘எல்லாரும் சேர்ந்து’ அடிப்பது என்றால் யாரும் அடிக்க மாட்டார்கள். முளை அடிப்பது இவன், கம்பம் பிடிப்பது அவன், கயிற்று முடிச்சு இன்னொருத்தன், சுற்றி வாய்க்கால் வெட்டுவது நீ என்று ஆளுக்கொரு வேலை பிரித்தால் எவன் வேலை நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கூடாரம் அடிக்கும்போது வேறு யாராவது முளையைக் கையில் எடுத்தார்களா, அவர்கள் கோணலாக அடித்ததைப் பார்த்து நீ பிடுங்கி அடித்தாயா? உன்னை மாதிரி வேகமான பிள்ளைகள் இதைச் செய்வார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை பிடுங்கப்பட்டவன் மூன்றாவது தடவை ஃபோனைத்தான் எடுப்பான். அடுத்த முறை கோணல் முளை கோணலாகவே இருக்கட்டும், ராத்திரி காற்றடித்தால் அவனே எழுந்து சரி பண்ணுவான். சான்றிதழ் பற்றி நீ சொன்னது சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. புறப்பாட மதிப்பெண்ணுக்காகவே முகாம் நடத்தும் வரைக்கும் அந்தத் தாள் எல்லாருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

*கேள்வி: எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. 20 மாணவர்களை லுமுட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள் சிலர், பள்ளியிலேயே உயரக் கயிற்றுப் பாதை கட்டலாம் என்கிறார்கள் சிலர். எது நல்லது? ஜெராய் மலைக்கு அழைத்துப் போகலாமா?*

கட்டாதீர்கள். நம் மழைக்கும் வெயிலுக்கும் கம்பம் உளுக்கும், கரையான் ஏறும், கம்பிக் கயிறு துருப்பிடிக்கும். வருடா வருடம் விவரம் தெரிந்தவரை வைத்துப் பரிசோதிக்க வேண்டும், இரண்டாவது வருடம் அந்தச் செலவுக்குக் கூட்டத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள். மூன்றாவது வருடம் கேட்டுக்குப் பூட்டு.

லுமுட்டில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளி 1950-களிலிருந்து இருக்கிறது, நல்ல பெயர் எடுத்த இடம். அதன் மூலம் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் 1941-இல் தொடங்கிய பள்ளி. நாஜிகளிடமிருந்து தப்பிவந்த கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். யுத்தத்தில் கப்பல் மூழ்கும்போது வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளம் மாலுமிகள் சீக்கிரம் கைவிட்டுச் சாகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. ஆக, ஆரம்பத்திலேயே அது உல்லாசப் பயணமாக இருக்கவில்லை, பயிற்சி ஒரு மாதம் போல நடந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாள் கணக்கு முக்கியம். 1997-இல் ஜான் ஹாட்டி என்ற கல்வி ஆய்வாளரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பற்றிய 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் இருக்கிறது, பயிற்சி முடிந்த பிறகும் அது குறையாமல் இன்னும் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் 20 நாளுக்கு மேல் போகும் பயிற்சிகளில்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. உங்கள் பணத்தில் 20 பிள்ளைகளை 20 நாள் அனுப்ப முடியுமா? முடியாது. எனக்குக் கொடுத்தால் நான் மாணவர்களை அனுப்ப மாட்டேன், இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்புவேன். மீதியில் பத்துத் திசைகாட்டி, இரண்டு முதலுதவிப் பெட்டி, நாலு தார்ப்பாய், நல்ல கயிறு வாங்கி வைப்பேன். 20 நாளை ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒரு மணி நேரமாக ஒரு வருடம் முழுக்க 20 பேருக்குப் பதிலாக 200 பேருக்குக் கொடுக்கலாம்.

ஜெராய்க்குப் போகலாம், 1,217 மீட்டர், கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகிய பிள்ளைகளுக்கு நல்ல மலை. ஆனால் ஆற்றோரம் முகாம் போடவே போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மலையில் பெய்த மழைக்கு யான் பக்கமும் மெர்போக் பக்கமும் மண்ணும் மரமுமாக வெள்ளம் இறங்கி உயிர்கள் போனதை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை கொட்டினால் ‘கெபாலா ஆயர்’ என்ற திடீர் ஆற்று வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கல்வி இலாகா அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் கையில் வந்த பிறகு நாள் குறியுங்கள்.

*கேள்வி: நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மாலை வரை உழைத்து ஒற்றுமையாகத்தான் இருந்தோம். யாரும் எங்களுக்கு மூங்கிலில் பழம் உருட்டக் கற்றுக் கொடுக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இதெல்லாம் எதற்கு? (ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, வயது 74. தன் பேரனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறார்.)*

பெரியவரே, உங்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மழை வரும்போது பக்கத்து நிரைக்காரரின் மங்குப் பாலையும் சேர்த்து எடுத்தீர்களே, காண்டா வாளியோடு வழுக்கும் மேட்டில் முன்னால் போகிறவர் “வேர் இருக்கு, பாத்து” என்று குரல் கொடுத்துக்கொண்டே போனாரே, தீமிதிக்குப் பந்தல் போட லயத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாரே, அதுதான் உங்கள் திடல். உங்கள் பேரன் தாமானில் கேட் போட்ட வீட்டில் வளர்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் பேர் அவனுக்குத் தெரியாது. இருந்ததை எடுத்துவிட்டோம், அதற்குப் பதிலாக ஏதாவது வைக்க வேண்டாமா?

ஒன்று மட்டும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். தோட்டத்து ஒற்றுமையில் மண்டோருக்கு, அதாவது மேற்பார்வையாளருக்கு, பயந்த ஒற்றுமையும் கொஞ்சம் கலந்திருந்தது, நானும் லயத்தில் பிறந்தவன்தான். பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி வேண்டாம். மற்றது வேண்டும். முடிந்தால் ஒரு நாள் பேரனின் பள்ளித் திடலுக்குப் போய், காண்டா கம்பில் இரண்டு வாளித் தண்ணீரைச் சிந்தாமல் எப்படித் தூக்குவது என்று காட்டுங்கள். ஆசிரியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார், என் பேரைச் சொல்லுங்கள்.

*கேள்வி: மழை பெய்தால் என்ன செய்வது?*

தூறலில் ஆடலாம். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிகூட இல்லையென்றால் ஒரு கணமும் திடலில் நிற்கக் கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வெளியே வர வேண்டும். மரத்தடி வேண்டாம், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், மண்டபத்துக்குள் போங்கள். உள்ளே பத்துப் பேர் வட்டமாக நின்று, வலது கையால் எதிரே நிற்கும் ஒருவர் கையையும் இடது கையால் வேறொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, கையை விடாமல் சிக்கெடுக்கச் சொல்லுங்கள். சில சமயம் அவிழும், சில சமயம் எவ்வளவு முயன்றாலும் அவிழாது. அவிழாத நாளில் மழை விட்டதைக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள்.